பச்சை விளக்கு எரிகிறது, பதினொரு பக்கம் வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை, காலை

மதிப்பிற்கும், மூன்று வாரங்களுக்கு முன்புவரை அன்பிற்கும் உரிய மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். பிரிண்டரும் நலமாக இருப்பதாகவே அதன் பச்சை விளக்கு சொல்கிறது. நலமில்லாதவன் நான் ஒருவன்தான். அங்கே நீ நலமாக இருப்பாய் என்பதைக் கேட்காமலே அறிவேன்; அடுத்தவர் வீட்டுக் கணினியில் கைவைத்துவிட்டு ரயிலேறிப் போகிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். இதைக் கையால் எழுதுகிறேன். வீட்டில் கணினி இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது, அலமாரி நிறையத் தாள் இருக்கிறது, ஆனாலும் ஐம்பத்திரண்டு வயதில் நான் பேனாவைத் தேடி எடுத்து மை வருகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்க்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியாமல் போகலாம். அது உனக்கு நான் தரும் முதல் தண்டனை.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குடும்பத்தில் யாரும் விஷயத்தை முதலில் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நான் என் வேலையை ராஜினாமா செய்திருக்க வேண்டும். செய்ய முடியவில்லை. காரணம் நீ.

இந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் இருபத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். துறைத்தலைவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி எனக்கு என்று வாயில்காவலர் உட்பட எல்லோரும் சொன்னார்கள். கொடுத்தது யாருக்கு? எனக்கு ஆறு ஆண்டு இளையவருக்கு. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கைகுலுக்கி. எதிரில் வருபவர் யாரானாலும் குலுக்குவார். ஒருமுறை கதவைத் திறந்து பிடித்திருந்த தச்சரின் கையை அவர் குலுக்க, கதவு அவர் முதுகில் வந்து மோதியது. உத்தரவு வந்த அன்று நேராக என்னிடம் வந்து, "சார், நீங்கதான் எனக்கு வழிகாட்டணும்" என்று சொல்லி என் கையையும் குலுக்கினார். அந்தக் கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவினேன். நாளை திங்கட்கிழமை அவர் பொறுப்பேற்கிறார். எங்கள் கல்லூரி விதி உனக்குத் தெரியாது, சொல்கிறேன். ராஜினாமாக் கடிதம் அச்சில் இருக்க வேண்டும், மூன்று பிரதி, அடியில் கையெழுத்து. துறைத்தலைவர் இடம் காலியாக இருக்கும்வரை கடிதத்தை நேராக முதல்வரிடம் கொடுக்கலாம். இடம் நிரம்பிவிட்டால் 'துறைத்தலைவர் வழியாக' என்று எழுதி, அவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே போகும். அதாவது, உன் கீழ் வேலை பார்க்க மாட்டேன் என்று நான் எழுதும் கடிதத்தை அந்த மனிதரிடமே கொண்டுபோய் நீட்ட வேண்டும். அவர் படிப்பார், கையெழுத்துப் போடுவார், பிறகு எழுந்து என் கையைக் குலுக்குவார். இப்போது புரிகிறதா வெள்ளிக்கிழமை ஐந்து மணி என்றால் என்னவென்று?

கடிதம் பதினொரு பக்கம். ராஜினாமாவுக்கு ஒரு வரி போதாதா என்று உன் அக்கா கேட்டாள். ஒரு வரியில் சொல்லிவிட்டு வர நான் அங்கே ஒரு நாளா வேலை பார்த்தேன்? வரலாறு படித்தவன், தேதிகள் எனக்கு மறப்பதில்லை. நான்காம் பக்கமும் ஆறாம் பக்கமும் கைகுலுக்கிக்கு. ஏழாம் பக்கம் 2009 ஜூலையில் என் வகுப்பறை மின்விசிறியைக் கழற்றி ஆசிரியர் ஓய்வறையில் மாட்டியவர்களுக்கு. பத்தாம் பக்கம் பொதுவானது.

இனி உன் கைங்கரியம். மூன்று வாரங்களுக்கு முன் நீ இங்கே வந்தபோது என் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, மருத்துவர் உதட்டைப் பிதுக்குவதுபோலப் பிதுக்கினாய். பிறகு, இருந்ததையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் என்று ஏதோ ஓர் இயங்குதளத்தை ஏற்றினாய். "அத்தான், இனிமே வைரஸ் கிடையாது, நின்னு நின்னு ஓடுறது கிடையாது, தொல்லையே கிடையாது" என்றாய். முதல் இரண்டும் உண்மை. அதோடு விட்டாயா? கணினியின் பாஸ்வேர்டை உன் அக்காளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் இருக்கிறது, கதவில் என் பெயர் இருக்கிறது, கணினிக்குள் மட்டும் நான் விருந்தாளி.

செவ்வாய்க்கிழமை மாலை கடிதத்தை முடித்து அச்சிடும் பொத்தானை அழுத்தினேன். 'அனுப்பப்பட்டது' என்றது கணினி. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. நான் தாள் வரும் வாய்க்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. திரையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் என் கடிதத்தின் பெயரும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படமும். சரி, நேரமாகும்போலிருக்கிறது என்று காத்திருந்தேன். இருபது நிமிடம். கணினியை அணைத்துப் போட்டேன், பிரிண்டரை அணைத்துப் போட்டேன், கேபிளைப் பிடுங்கி ஊதிச் செருகினேன், மறுபடி அனுப்பினேன். இரண்டு கடிகாரம். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் ஏழு கடிகாரம் சேர்ந்துவிட்டது, கடிகாரக் கடைதான். அப்போது உன் அக்கா வந்து, "கொஞ்சம் தள்ளுங்க" என்று உட்கார்ந்து, அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் அடுத்த வாரப் பணிமுறைப் பட்டியலை எடுத்து எங்கோ இரண்டு இடத்தில் தட்டினாள். பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தாளைத் துப்பியது. சூடாக. அவள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பாய்ந்து உட்கார்ந்து என்னுடையதை அனுப்பினேன். எட்டாவது கடிகாரம். லினக்ஸ் ஆள் பார்த்து வேலை செய்யும் என்று நீ சொல்லவில்லையே.

போன் செய்து கேட்டிருக்கலாமே என்பாய். உன் புது வீட்டுக்குக் குடிபோன நாளில் குடும்பத்தோடு படம் எடுக்கும்போது கேமராவை என் கையில் கொடுத்து, "அத்தான், நீங்க நல்லா எடுப்பீங்க" என்றாய். அந்தப் படத்தில் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு நாய்கூட இருக்கிறது. நான் இல்லை. அன்றிலிருந்து உன்னிடம் போனில் பேசுவதில்லை என்பது என் கொள்கை. நேரில் வந்தால் பேசுவேன், அது நாகரிகம்.

ஆகவே புதன்கிழமை இணையத்தில் லினக்ஸ்காரர்களின் மன்றம் ஒன்றில் சேர்ந்தேன். கைகுலுக்கியின் நியமனத்திலிருந்து தொடங்கி நான்கு பத்தியில் என் பிரச்சினையை விளக்கினேன். கருந்துளை என்ற புனைபெயரில் ஒருவர் பதில் போட்டார். கதை வேண்டாம், இந்தக் கட்டளையைப் போட்டு வருவதை ஒட்டுங்கள் என்றார். போட்டேன். கணினியோடு இணைந்த எல்லாவற்றின் பட்டியலும் வந்தது: விசைப்பலகை, மவுஸ், பிறகு என் பிரிண்டர், முழுப் பெயரோடு, எண்ணோடு. ஆக, கணினிக்குப் பிரிண்டரை நன்றாகத் தெரியும். எந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது என்பதுகூடத் தெரியும். ஆனால் என் விஷயத்தில் அதனிடம் பேசாது. எனக்கும் என் சகலைக்கும் இடையில் இருப்பதுபோன்ற ஓர் உறவு. வீட்டில் வேறு யாராவது அனுப்பினால் அச்சாகிறதா என்று கேட்டார் கருந்துளை. மனைவி அனுப்பினால் ஆகிறது என்றேன். அப்படியானால் பிரிண்டரில் பழுதில்லை என்றார். பிறகு எதில் என்றேன். நான்கு மணி நேரம் பதிலில்லை. அதன் பிறகு, 'திரைக்கும் நாற்காலிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதில் இருக்கலாம், எதற்கும் புதிய டிரைவர் ஏற்றிப் பாருங்கள்' என்று எழுதினார்; முதல் பாதியை நான் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் அவர் சொன்னபடி புதிய டிரைவர் ஏற்றப் புறப்பட்டேன். டிரைவர் என்றால் கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நின்று பேசி வைக்கிற தரகர். பிரிண்டர் கம்பெனியின் தளத்தில் நான்கு தரகர்கள் இருந்தார்கள். முதலாமவர் வேறு வகை லினக்ஸுக்கு உரியவர், உள்ளேயே வர மாட்டேன் என்றார். இரண்டாமவர் பதினொரு வருடத்துக்கு முன் வழக்கொழிந்த ஏதோ ஒரு கோப்பு வந்தால்தான் வருவேன் என்றார். ஒவ்வொருவரையும் ஏற்றக் கணினி பாஸ்வேர்டு கேட்கும். நான் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பேன். உன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்தப் பக்கம் திரும்புங்க" என்பாள். என் வகுப்பில் மாணவர்களை நிறுத்துவதுபோல நான் சுவரைப் பார்த்து நிற்க, எட்டு எழுத்து தட்டிவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. பொறுமைக்கு உங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான்.

மூன்றாமவர் உள்ளே வந்தார். அனுப்பினேன். பிரிண்டர் உறுமியது. தாள் வந்தது. தாளின் தலையில் ஒரே ஒரு வரி, யாரும் இன்னும் படித்தறியாத ஏதோ நாகரிகத்தின் எழுத்தில். அடுத்த தாள், அதிலும் ஒரு வரி. அடுத்தது. நிறுத்து என்று திரையில் கேட்டேன், நிற்கவில்லை. பிரிண்டரின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினேன், நிற்கவில்லை. கடைசியில் மின்கம்பியைப் பிடுங்கினேன். அறை அமைதியானது. ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி செருகினேன், என்ன செய்தது தெரியுமா, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. நூற்று நாற்பது தாள். உன் அக்கா எல்லாவற்றையும் பொறுக்கி அடுக்கி, பின்பக்கம் சாமான் பட்டியல் எழுத ஆகும் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை நான்காமவரையும் ஏற்றினேன். இப்போது திரையில் ஒரே பெயரில் மூன்று பிரிண்டர்கள் நின்றன, மேசைமேல் இருப்பதோ ஒன்று. எதற்கு அனுப்பினாலும் 'சாதனம் வேறு வேலையில் இருக்கிறது' என்று வந்தது. என்ன வேலை? எதிரில்தானே சும்மா உட்கார்ந்திருக்கிறது? கருந்துளை விளக்கினார்: ஒரு நிரல் பிரிண்டரை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது, அது விட்டால்தான் அடுத்தது தொட முடியும். யார் பிடித்திருக்கிறார்கள், எதற்குப் பிடித்திருக்கிறார்கள் என்று தேடி மேசைக்கு அடியில் ஊர்ந்துபோய்க் கேபிளைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றினேன். மவுஸ் இணைப்புக் கழன்றுகொண்டது. அதைத் தேடி நிமிர்ந்தபோது மேசை விளிம்பு மண்டையில் இடித்தது. வீக்கத்தின் மேல் ஈரத்துணியை வைத்துக்கொண்டுதான் அன்று இரண்டு வகுப்பு எடுத்தேன். மாணவர்கள் காரணம் கேட்கவில்லை. கைகுலுக்கி மட்டும் கேட்டார்.

வெளியே போய் அச்செடுக்க வேண்டியதுதானே என்று நீ நினைக்கலாம். தெருமுனையில் ஒரு நகல் கடை இருக்கிறது. அதன் முதலாளி கொடுத்ததை வாய்விட்டுப் படித்தபடிதான் அச்செடுப்பார். மார்ச் மாதம், வீட்டுப் பிரிண்டரில் மை தீர்ந்திருந்த சமயம், குடியிருப்போர் சங்கத்துக்குத் தண்ணீர்த் தொட்டி பற்றி நான் எழுதிய புகாரை அங்கே கொண்டுபோனபோது, வரிசையில் நின்ற சங்கத் தலைவரின் மனைவி உட்பட எல்லோருக்கும் அது தெரிந்துபோனது. துறையில் ஒரு பிரிண்டர் உண்டு. அது கைகுலுக்கியின் முழங்கைக்கு அருகில் இருக்கிறது. கையால் எழுதித் தரட்டுமா என்று அலுவலக எழுத்தரைக் கேட்டேன். "டைப் பண்ணாததை வாங்க மாட்டாங்க சார், எதுக்கு சார் அவசரம்" என்றார். எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். காலையிலிருந்து ஒவ்வொரு தரகராகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன், ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டு, ஒரு சுவர். கடைசியில் நீ வைத்துவிட்டுப் போன பழைய பிரிண்டர் மட்டும் பட்டியலில் மிஞ்சியது. அனுப்பினேன். கடிகாரம். கருந்துளையிடம் நிலவரத்தைச் சொன்னேன். அதற்குள் அந்த ஆள் என் முதல் நான்கு பத்தியைப் படித்திருக்கிறார். "சார், பதினோரு பக்கத்துல ராஜினாமாவா? நல்லா யோசிச்சீங்களா?" என்று எழுதினார். கேட்டது பிரிண்டரைப் பற்றி. இவர் என் வாழ்க்கையைப் பழுதுபார்க்க வருகிறார். மன்றத்திலிருந்து அக்கணமே விலகினேன். அந்த ராஜினாமா மட்டும் உடனடியாக ஏற்கப்பட்டது.

நான்கே முக்காலுக்கு உன் அக்கா வேலையிலிருந்து வந்தாள். நான் சட்டை மாற்றி, செருப்புப் போட்டு, மூன்று உறையும் கையுமாகப் பிரிண்டர் முன் நின்றுகொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, "விடுங்க, திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள். என்ன திங்கட்கிழமை? திங்கட்கிழமை என்று ஒன்று வரக்கூடாது என்பதற்காகத்தானே இந்தப் பாடு? ஐந்து மணி ஆனது. உறைகளை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்ற ஏழு மணி ஆனது.

ஆகவே, மைத்துனரே, இதோ என் தீர்மானங்கள். இந்த லினக்ஸை நீயே வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், பழையது எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அதையே திரும்ப வைக்க வேண்டும், பாஸ்வேர்டு எனக்கு வேண்டும், அதுவரை உன் வீட்டு விசேஷம் எதற்கும் வர மாட்டேன், வந்தாலும் சாப்பிட மாட்டேன், சாப்பிட்டாலும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், படம் எடுக்க வேறு ஆள் பார்த்துக்கொள். நாளை காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் போய் அந்தக் கையைப் பிடிக்கப் போகிறவன் நான், நீ இல்லை. மிச்சமிருக்கும் எட்டு வருடமும் அந்தக் கையை நினைக்கும்போது கூடவே உன் முகமும் எனக்கு ஞாபகம் வரும்.

உன் மனைவிக்கு என் அன்பு. அவள்மேல் கோபமில்லை, காரணம் இன்னும் யோசிக்கவில்லை. குழந்தைகளுக்கு என் ஆசிகள். அப்பாவின் கைராசி அவர்களுக்கு வராதிருக்கட்டும். உனக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், நான் சொல்லித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அக்காளின் கணவன்

பின்குறிப்பு (அதே ஞாயிறு, மாலை): உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வாங்கிப் படித்தாள். முழுவதும் படித்தாள். பிறகு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவனைத் திட்டாதீங்க. நான் சொல்லித்தான் செஞ்சான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். இந்தக் கணினியிலிருந்து எது அச்சுக்குப் போனாலும் வரிசையில் அப்படியே நிற்கும். அவள் போய் விடுவித்தால்தான் தாளில் இறங்கும். அவளுடையதை அவள் அப்போதே விடுவித்துக்கொள்கிறாள். அப்படி அமைத்துக் கொடுக்கச் சொல்லி உன்னை வரவழைத்ததே அவள்தான். நீயும் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை.

"போன வருஷம் நாலு லெட்டர் போட்டீங்க. கோவம் வந்த பத்தாவது நிமிஷம் அச்சு, பதினஞ்சாவது நிமிஷம் நீங்களே நடந்துபோய்க் குடுத்துட்டு வந்தீங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திட்டார். பழைய வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். கொஞ்சம் ஆறட்டும்னுதான் இப்படிச் செஞ்சேன்."

அப்படியானால் நான்கு தரகர்களுக்கும் எதற்காகப் பாஸ்வேர்டு தட்டினாய் என்று கேட்டேன்.

"ஏதாவது கைவேலை இருந்தா கோவம் கொறையும்னு நெனச்சேன். கூடிப்போச்சு."

பேசினால் கத்துவேன் என்று தெரிந்தது. அவள் எழுந்து போய்க் கணினியில் எதையோ தட்டினாள். பதினொரு பக்கமும் ஒழுங்காக, சுத்தமாக, மூன்று பிரதி வந்து விழுந்தது. அவற்றை அடுக்கி என் முன்னால் வைத்தாள். "வேலை வேணாம்னா விட்டுட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், என் சம்பளம் இருக்கு. ஆனா ஒருதரம் தாள்ல படிச்சுட்டுக் குடுங்க."

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் தெரியாத தவறெல்லாம் தாளில் தெரிகிறது. ஆறாம் பக்கத்தில், 2016-இல் கைகுலுக்கி என் வகுப்புகளை இரண்டு மாதம் அபகரித்தார் என்று எழுதியிருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்றிருந்த உன் அக்கா அந்த வரியில் விரலை வைத்து, "அப்ப உங்களுக்குக் கண் ஆபரேஷன். அவர்தான் உங்களுக்குப் பதிலா எடுத்தார்" என்றாள். தேதி சரியாகத்தான் இருந்தது. அபகரித்தார் என்பதை எடுத்துக்கொண்டார் என்று மாற்றினேன். பிறகு அந்தப் பத்தியையே அடித்தேன். நான்காம் பக்கம் பாதியானது. மின்விசிறி விஷயத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

மேலே உன்னைத் திட்டி எழுதியதைக் கிழிக்கப் போவதில்லை. நான்கு தாள், கை வலிக்க எழுதியது. அக்காளும் தம்பியும் கூடிச் செய்ததற்கு அது குறைவுதான். படத்தில் நான் இல்லை என்பதும் அப்படியே நிற்கிறது.

திருத்திய கடிதம் ஆறு பக்கத்தில் முடிந்துவிட்டது. முதல்வர் முகவரிக்குக் கீழே 'துறைத்தலைவர் வழியாக' என்று ஒரு வரி சேர்த்தேன். அதைத் தட்டச்சு செய்ய எனக்குக் கால் மணி நேரம் ஆனது. நான்கு மணிக்கு அச்சுக்கு அனுப்பினேன். இப்போது மணி ஏழு. கடிதம் வரிசையில் நிற்கிறது. உன் அக்கா அடுத்த அறையில்தான் இருக்கிறாள், கூப்பிட்டால் கேட்கும். நான் இன்னும் கூப்பிடவில்லை.